பன்னிரண்டு இஞ்ச் கூடுதல்

அத்தான் வீட்டுச் சமையலறைக் கூரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு விழுந்தது. எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், காப்பீட்டுப் படிவத்தின் முதல் பக்கத்தில் 'இழப்பு நேர்ந்த மணி, நிமிடம், நொடி' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நொடிக் கட்டத்தைக் காலியாக விட்டதற்காகப் படிவம் ஒரு தடவை திரும்பி வந்தது. பின்வீட்டு மரம் காற்றில் சாய்ந்து ஓடுகளின்மேல் படுத்தபோது அத்தான் தன் தையல் கடையில் யாருக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் ரொம்ப நேரம் யோசித்து 'பன்னிரண்டு நொடி' என்று எழுதினார். பொய் எழுதிவிட்டோமே மாப்ள என்று அதற்கப்புறம் இரண்டு நாள் என்னிடம் புலம்பினார்.

அத்தான் அப்படிப்பட்ட மனிதர். முப்பது வருடமாகத் தைக்கிறார். வயிறு நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டு என்றுதான் எழுதுவார், கோபித்துக்கொள்வார்களே என்று நாற்பது எழுத மாட்டார். வீட்டுக்குக் காப்பீடு எடுத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒரு தவணைகூடத் தவறியதில்லை. நிறுவனம் வருடா வருடம் அனுப்பும் காலண்டரைக் கூடத்தில் மாட்டியிருப்பார். அதில் ஒரு பெரிய குடை, குடைக்குக் கீழே ஒரு சின்ன வீடு, அதற்கும் கீழே 'உங்கள் கூரை, எங்கள் கவலை' என்ற வாசகம். கூரை விழுந்த அன்று, கூடத்துக்கு வந்த தூசியை எல்லாம் துடைப்பதற்கு முன்னால் அந்தக் காலண்டரைத்தான் முதலில் துடைத்தார்.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவள். இருபத்திரண்டு வருடம் ஓடும் வண்டியில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றே டிக்கெட் கிழித்தவள், நின்றுகொண்டிருந்த வண்டியின் படியில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு நொறுங்கியது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். நாற்காலியின் அகலம் இருபத்தேழு இஞ்ச், குளியலறைக் கதவின் அகலம் இருபத்து நாலு. ஆறு மாதம் அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து உட்காரவைத்துவிட்டு, வெளியே வந்து சுவரைப் பார்த்து நிற்பார். அந்த ஆறு மாதமும் தூக்கும்போது அக்கா கண்ணைத் திறந்ததில்லை.

பிறகு அத்தான் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து கதவை முப்பத்தாறு இஞ்ச் ஆக்கினார். வாசல்படியைத் தட்டித் தரைமட்டமாக்கி, உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தார். வேலை முடிந்த அன்று அக்கா தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், தானே தாழ்ப்பாள் போட்டாள். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. அத்தான் பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. சும்மா உக்காந்திருக்கேன். போய் வேலையைப் பாருங்க."

இரண்டு வருடமாக அந்த வீட்டில் அந்தத் தாழ்ப்பாள்தான் அக்காவின் சொத்து. அதைத் தெரிந்துகொண்டேதான் நாங்கள் பின்னால் வருகிற காரியத்தை எல்லாம் செய்தோம்.

வினை படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'வீட்டின் இன்றைய நிலையை விவரிக்கவும்' என்று கேட்டு, ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். எங்களை மாதிரி ஆட்கள் அந்த இடத்தில் 'நன்று' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அத்தான் ஐந்து வரியும் போதாமல் ஓரத்திலும் எழுதினார். 'குளியலறைக் கதவு முன்பு 24 இஞ்ச். இப்போது 36. என் மனைவிக்குப் பத்தாததால் பிரித்து விடப்பட்டது. வேலை சுத்தமாக இருக்கிறது.' நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபது வருடமாகச் சான்றிதழ் எழுதுகிறவன். இந்தக் குடும்பத்தில் காகிதம் என்றால் நான்தான். அதை வாசித்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் இழப்பு மதிப்பீட்டாளர் வந்தார். சமையலறையில் ஆகாயம் தெரிந்தது. அடுப்பின்மேல் ஒரு கிளை கிடந்தது, அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. மதிப்பீட்டாளர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. காலுக்கு அடியில் ஓட்டுத் துண்டுகள் நொறுங்க நேராக நடந்து குளியலறைக்குப் போனார். டேப்பை எடுத்துக் கதவை மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தானின் தோளில் கை வைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் வெளியே வந்து வைப்பார்களே, அந்த மாதிரி.

"பன்னெண்டு இஞ்ச் கூடுதலா இருக்கு சார்."

"ஆமா சார், நானே எழுதியிருந்தேனே," என்றார் அத்தான் சந்தோஷமாக. தன் அளவு சரியாக இருந்ததில் அவருக்கு ஒரு பெருமை.

"அதான் சார் பிரச்சினை. எழுதிட்டீங்க."

கூரையைப் பாருங்கள் என்றேன் நான். அது இப்போது தன் கையில் இல்லை என்றார். இனி இது மாற்றங்கள் பிரிவுக்குப் போகும். அவர்கள் இது வீடுதான் என்று சொன்னால், அப்புறம் கூரையைப் பார்ப்பார்.

மாற்றங்கள் பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. நாங்கள் போனபோது காலை உறுதிமொழி நடந்துகொண்டிருந்தது. நாற்பது ஐம்பது பேர் எழுந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேல் குடை மாதிரி கவித்துக்கொண்டு, 'வாடிக்கையாளரின் கண்ணீர் எங்கள் கண்ணீர், வாடிக்கையாளரின் இழப்பு எங்கள் இழப்பு' என்று சொன்னார்கள். அத்தானும் அட்டென்ஷனில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கினார். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிறவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் டீ குடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கல்லூரி அலுவலகத்திலும் டீ குடிக்கிறோம், ஆனால் அதற்கு முன்னால் யாருக்காகவும் அழுவதாகச் சொல்வதில்லை.

பிரிவு அதிகாரி ஒரு அம்மாள். ரொம்ப மரியாதை, ரொம்பக் கனிவு. உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், சுவர் முழுக்க இருந்த இரும்பு அலமாரிகளில் ஒன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே ஒரே ஒரு தாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ அத்தான் வீட்டை வரைந்து, பக்கத்தில் விவரங்கள் எழுதியிருந்தார்கள். அந்த அம்மாள் அதை மேஜைமேல் வைத்த விதத்தைப் பார்த்தால் தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இருந்தது.

"இதான் சார் உங்க வீடு."

"கூரை விழுந்துடுச்சுங்க மேடம்," என்றார் அத்தான்.

அதிகாரி தாளைக் குனிந்து பார்த்தார். "இல்லையே சார். நல்லாத்தான இருக்கு?"

அத்தானும் குனிந்து பார்த்தார். நல்லாத்தான் இருந்தது. ஓடு ஒன்றுகூட நகரவில்லை.

"பாருங்க சார், ஜனங்க ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. நாங்க வீட்டைக் காப்பாத்தறதில்லை, விவரத்தைக் காப்பாத்தறோம். வீடுன்னா நனையும், கரையான் அரிக்கும், ஒரு நாள் இடிஞ்சும் போகும். அதுக்கெல்லாம் யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாது. ஆனா விவரத்தைப் பாருங்க. பத்தொம்பது வருஷமா ஒரு கீறல் உண்டா? இந்த மாடியில மட்டும் ரெண்டு லட்சம் வீடு இருக்கு சார். ஒண்ணுகூட இதுவரைக்கும் விழுந்ததில்லை." அவர் குரல் தழுதழுத்தது. "நீங்க இப்ப குடியிருக்கறது வேற ஏதோ ஒரு கட்டடம். அதுல முப்பத்தாறு இஞ்ச் கதவு இருக்கு. அது விழுந்ததுக்கு நாங்க வருத்தப்படறோம். ஆனா அது எங்களுக்கு யாருன்னே தெரியாது."

"மேடம், விழுந்தது சமையக்கட்டு. கதவு பாத்ரூம்ல இருக்கு."

"நீங்க டெய்லர்தான சார்? கழுத்து அளவு தப்பாயிருச்சுன்னா, கை நல்லா இருக்குன்னு சட்டையை வாங்கிட்டுப் போவாங்களா?"

அத்தான் யோசித்துப் பார்த்து, போக மாட்டார்கள் என்று தலையாட்டினார். தொழில் தர்மப்படி அது சரிதான். இப்படித்தான் நல்ல மனிதர்களைக் கவிழ்க்கிறார்கள், அவர்கள் வேலையிலிருந்தே ஒரு கயிறு எடுத்து.

வழி இருந்தது. எந்த அலுவலகத்திலும் வழி இருக்கும், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி. கதவை மாற்றப்போவதாக முன்னறிவிப்புக் கொடுத்தால் அனுமதிப்பார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் இனி வரப்போகிற தேதியை மட்டும்தான் எழுத முடியும். மாற்றி இரண்டு வருடம் ஆன கதவுக்கு இனிமேல்தான் மாற்றப்போகிறேன் என்று எழுதுவது பொய்யாகிவிடும், நிறுவனம் பொய்யைச் சகித்துக்கொள்ளாது. அதனால் முதலில் கதவைப் பழையபடி இருபத்து நாலு இஞ்ச் ஆக்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, இது பதிவில் இருக்கிற வீடுதான் என்று சொல்வார்கள். அப்போது கூரைக்குப் பணம் வரும். அதற்கப்புறம் கதவைப் பெரிதாக்க முறைப்படி விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். மழைக்காலம் இரண்டு மாதத்தில் வந்துவிடும், கூரை இல்லாமல் என்ன செய்வார்கள்? நான்தான் அக்காவிடம் பேசினேன்.

"எத்தனை நாளு?" என்றாள் அக்கா.

"பதினஞ்சு நாளு. அதிகம் போனா இருவது."

"அவங்க சொன்னாங்களா, நீயா சொல்றியா?"

"அவங்கதான் சொன்னாங்கக்கா."

அவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். செல்லாத டிக்கெட்டை நீட்டுகிறவனைப் பார்க்கிற பார்வை அது. ஆனால் அத்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "சரி, அடைங்க," என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அதே கொத்தனார் வந்தார். தன் கையாலேயே திறந்த சுவரைத் தன் கையாலேயே அடைத்தார். பிடிமானக் கம்பியைக் கழற்றினார், படியைத் திரும்பக் கட்டினார். அதோடு விட்டதா? பதிவுத் தாளின் நகலில் குளியலறைக்கு மட்டும் பதினோரு விவரங்கள் இருந்தன. நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். 'கதவு: நீல நிறம், அடிப்பாகத்தில் விரிசல்.' 'தரை: மூன்றாவது வரிசையில் ஓர் ஓடு உடைந்தது.' 'குழாய்: ஒன்று, சொட்டுவது.'

கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். "சார், ஒடைஞ்சு கெடக்கறதைச் சரி பண்ணக் கூப்புடுவாங்க, போவேன். நல்லா இருக்கறதை அளவெடுத்து ஒடைச்சுக் குடுன்னு இன்னிக்குத்தான் கேக்கறேன். அந்த வெரிசல் எம்புட்டு நீளம்னு ஏதாவது எழுதியிருக்கா?"

"எழுதலை. ஒரு சாண் போடுங்க."

"ஒரு சாண் வெரிசல்," என்று சொல்லிக்கொண்டே கதவில் உளியை வைத்தார். அக்கா கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினைந்து நாள் போயிற்று. இருபது போயிற்று. நான் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நாலாவது மாடிக்குப் போய் வந்தேன். அதிகாரியின் மகள் கல்யாணம், பிறகு வருடாந்தரப் பயிற்சி முகாம், பிறகு பயிற்சி முகாமைப் பற்றிய அறிக்கை. கிணற்றில் போட்ட கல்லாக எங்கள் கோப்பு கிடந்தது. வீட்டில் அத்தான் கடையைப் பாதியில் மூடிவிட்டு மூன்று வேளையும் ஓடிவந்தார். அவர் முதுகு பிடித்துக்கொண்ட நாளில் அக்கா படுக்கையிலேயே பாத்திரம் வைத்துக்கொண்டாள். நான் போகும்போதெல்லாம் அவள் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் ததும்ப ததும்ப அப்படியே இருந்தது. குடித்தால் போக வேண்டுமே என்று அவள் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். உதடு வெடித்திருந்தது, நடுவில் இரண்டு நாள் காய்ச்சலும் வந்தது. ஆனால் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னிக்கி வராங்களாம்?"

நாற்பத்தோராம் நாள் வந்தார்கள். அதிகாரி அம்மாள், மதிப்பீட்டாளர், முத்திரைப் பெட்டி ஒன்று. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைக் குடை மாதிரி கவித்து உறுதிமொழியைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். அன்று அத்தான் கையைத் தூக்கவில்லை, முதுகு வலி.

கதவை அளந்தார்கள். இருபத்து நாலு. அதிகாரியின் முகம் மலர்ந்தது. விரிசலைத் தடவிப் பார்த்து, "அப்படியே இருக்கு," என்று மனம் உருகினார். உடைந்த ஓடு மூன்றாவது வரிசையில் இருந்தது. கடைசியில் குழாய். அதிகாரி பதிவைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு' என்று இருந்தது. மதிப்பீட்டாளர் குளியலறைக்குள் நின்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"பதினொண்ணு மேடம்."

"சார், கொஞ்சம் கொறைங்க."

அத்தான் போய்க் குழாயைத் திருகினார். ஆறு ஆயிற்று. கொஞ்சம் தளர்த்தினார், ஒன்பது. இப்படி அரை மணி நேரம். வீடே மூச்சடக்கி அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விதத்தை நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை, ஏழு எட்டாகப் போகிற நேரம் அது. எட்டு ஆனதும் மதிப்பீட்டாளர் யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, குளியலறைக் கதவைச் சாத்தி, குறுக்கே காகிதம் ஒட்டி முத்திரை வைத்தார். பார்வையிடல் முழுவதும் முடிந்த பிறகுதான் பிரிப்பார்களாம்.

"ரொம்ப சந்தோஷம் சார். உங்க வீடு திரும்பக் கெடைச்சிருச்சு," என்றார் அதிகாரி. "கடைசியா ஒண்ணே ஒண்ணு. குடியிருப்போர் விவரம்." அவர் வாசித்தார். "இரண்டு பேர். ஆபத்து நேரத்தில் தாமாக வெளியேறக்கூடியவர்கள்: இரண்டு பேர்." பிறகு தலையை நிமிர்த்தினார். அவர் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அக்காவை அப்போதுதான் பார்த்தார்.

"இது எப்ப சார் நடந்தது?"

"ரெண்டரை வருஷம் ஆச்சுங்க. பஸ் படியில வழுக்கி..."

"முன்னறிவிப்புக் குடுத்தீங்களா?"

அத்தானுக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது.

"படியில கால் வைக்கறப்ப எனக்கே யாரும் முன்னறிவிப்புக் குடுக்கலைங்க," என்றாள்.

அதிகாரி சிரித்தார், ரொம்ப அன்பாக. "அம்மா, உங்க கஷ்டம் எங்க கஷ்டம். ஆனா பாருங்க, கதவு பன்னெண்டு இஞ்ச்தான் மாறியிருந்தது. இது முழு மாற்றம். நாங்க பதிவு பண்ணின வீட்டுல நடக்கறவங்கதான் இருந்தாங்க. நாங்க யாரையும் குத்தம் சொல்லலை, விழறது மனுஷ சுபாவம். ஆனா விழறதுக்கு முப்பது நாள் முன்னாடி ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா இன்னிக்கு உங்களுக்கே நல்லதா இருந்திருக்கும். நாங்க உங்க குடும்பம் மாதிரி. குடும்பத்துக்குச் சொல்லாம செய்யலாமா?"

இதை அவர் உண்மையாகவே நம்பிச் சொன்னார். லஞ்சம் கேட்டிருந்தால்கூட மனிதர் என்று நினைத்திருப்பேன்.

அதற்கும் வழி இருந்தது. ஓர் உறுதிமொழிப் பத்திரம், பதினான்கு ஷரத்துகள். பாலிசிதாரரின் மனைவி மேற்படி வீட்டில் வசிக்கவில்லை, வசித்ததில்லை, அங்கே காணப்பட்டால் விருந்தினராகவே கருதப்படுவார். அத்தான் கையெழுத்துப் போட்டால் பத்தே நாளில் கூரைக்குப் பணம்.

"பேப்பர்ல மட்டும்தான் சார். அம்மா இங்கயேதான் இருக்கப் போறாங்க. நாங்க என்ன வந்து பாக்கவா போறோம்?"

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் ஒரு அளவைக்கூடக் குறைத்து எழுதாத மனிதர். நாற்பத்தொரு நாள் அலைச்சல் என் கண்முன் வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு தாளில் நிற்பதா?

"போடுங்க அத்தான்," என்றேன். "பேப்பர்லதான."

அவர் பேனாவை எடுத்தார். போடுவதற்கு முன்னால் பதினான்கு ஷரத்துகளையும் உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி. மதிப்பீட்டாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மேடம்," என்றாள் அக்கா. "எனக்கு பாத்ரூம் போகணும்."

"முத்திரை வெச்சிருக்கும்மா. இன்னும் பத்து நிமிஷம்."

"அவசரம்."

"பிரிச்சா எட்டுச் சொட்டை மறுபடியும் எண்ணணும். கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. வாசிங்க சார்."

அவர் வாசித்தார். அக்கா இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஏழாவது ஷரத்தில், 'மேற்படி பெண்மணியின் உடைமைகள் ஏதும்' என்கிற இடத்தில், ஒரு சத்தம் கேட்டது. நான் முதலில் குழாய்தான் என்று நினைத்தேன். நாற்காலிக்கு அடியிலிருந்து தரையில் கோடாக ஓடி வந்தது. அதிகாரி காலைத் தூக்கிக்கொண்டார். மதிப்பீட்டாளர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, 'கூடம்: நீர்க்கசிவு. பதிவில் இல்லை' என்று எழுதினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற நான் அதை வாசித்தேன்.

அக்கா கண்ணை மூடவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "எழுதிக்கங்க," என்றாள். "நல்லாப் பாத்து எழுதிக்கங்க."

அத்தான் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். பின்பக்கம் போய்க் கொத்தனார் விட்டுப்போயிருந்த சம்மட்டியோடு வந்தார். முதல் அடியில் முத்திரை கிழிந்தது, இரண்டாவது அடியில் புதுச் சுவரில் ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. சார், சார் என்றபடி அதிகாரி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முதுகு வலிக்கிற மனிதர் அப்படி அடிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கக் குனிந்தேன்.

"நீ தொடாதே," என்றாள் அக்கா.

"அக்கா, நான் உன் நல்லதுக்குத்தான்..."

"நீயும் அவங்களோடயே கெளம்பு."

வெளியே வந்தேன். இருவரும் தெருவில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மதிப்பீட்டாளர் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு தாளை விரித்து வைத்திருந்தார். பாலிசிதாரர் காப்பீடு செய்த வீட்டை அதிகாரிகள் முன்னிலையில் தானே இடித்தார், ஆகையால் இழப்பீடு இல்லை என்று நாலு வரி. சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும், அது இல்லாமல் கோப்பை மூட முடியாது, மூடாமல் அவர்கள் அந்த இடத்தை விட்டுக் கிளம்ப முடியாது என்றார் அதிகாரி. எனக்கு அவர்கள் போய்த் தொலைந்தால் போதும் என்று இருந்தது. அதோடு, எழுதியிருந்ததில் பொய் எதுவும் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். கீழே இன்னும் ஒரு கட்டம் இருந்தது. 'பாலிசிதாரருக்கும் அவர் குடும்பத்துக்கும் சாட்சி என்ன உறவு?'

"சொந்தக்காரங்க சாட்சி போட்டா செல்லாது சார்," என்றார் அதிகாரி கனிவாக. "பேப்பர்ல மட்டும்தான்."

உள்ளே சம்மட்டிச் சத்தம் நிற்கவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார் அந்த அம்மாள்.